நாலாவது பூவரசில் ஒரு கயிறு

கோட்டைக்குப்பத்து ஏலத் திடலில் அமுதவல்லி பாடம் நடத்தும்போது கரும்பலகை கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் கூடை, இரண்டு ஐஸ் கட்டி, அவ்வளவுதான். ஒரு கூடை வெயிலில் இருக்கும், மற்றது பூவரசு நிழலில். இரண்டிலும் கொஞ்சம் இறாலைக் கொட்டி, மேலே கூடைக்கொரு ஐஸ் கட்டியை வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பாள். பேசி முடிப்பதற்குள் வெயிலில் இருக்கும் கட்டி நெல்லிக்காய் அளவுக்கு இளைத்துப்போயிருக்கும். நிழலில் இருப்பது அரைச் செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

"மரம் மழை குடுக்கும், காத்து குடுக்கும்னு நான் சொல்ல வரல. அத டீச்சரு சொல்லுவாங்க. உங்க ஐஸு எங்க போவுதுனு மட்டும் பாருங்க" என்பாள்.

இந்த ஆடி மாதம் அவள் அதே பாடத்தை நடத்தினாள். பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்திருந்த பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் வரிசை தப்பாமல் வாயிலிருந்து வந்தது. ஆனால் நிழல் கூடையில் வைக்க வேண்டிய ஐஸ் கட்டி அவள் கையிலேயே இருந்தது. இறால் விற்கும் நாகம்மாள்தான் எழுந்து வந்து அதைப் பிடுங்கினாள்.

"கையி வெளுத்துப் போச்சு பாருடி. உறைக்கலயா உனுக்கு?"

அமுதவல்லி விரல்களைப் பார்த்தாள். வெளுத்துதான் இருந்தன. வலி ஒன்றும் தெரியவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

அவள் புருஷன் முனியன் போன ஐப்பசியில் இறந்துபோனான். ஏரியில் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன். அன்றிலிருந்து அவள் இப்படித்தான் இருந்தாள். அழவில்லை என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அழுதாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. மீஞ்சூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் பவித்ரா ராத்திரி போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டால், எழுந்து போய்ச் சட்டியைப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வாள்.

அமுதவல்லி குப்பத்தில் பிறந்தவள் இல்லை. காட்டூரில் வயல்வேலை செய்கிற வீட்டுப் பெண். முனியனைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தபோது அவள் முதலில் தேடியது நிழலைத்தான். ஏலத் திடல் மொட்டையாகக் கிடந்தது. படகுகள் வந்து சேரும் நேரத்தில் வெயில் ஏறியிருக்கும். ஆண்கள் இறக்கிப் போட்டுவிட்டுக் கஞ்சி குடிக்கப் போய்விடுவார்கள். பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஏலக்காரன் வரும்வரை கூடைக்குப் பக்கத்தில் காய்வார்கள். அது அப்படித்தான் என்று எல்லோரும் இருந்தார்கள். அவளும் பல வருஷம் அப்படித்தான் இருந்தாள்.

ஒரு சித்திரையில் நாகம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே தன் கூடைமேல் சரிந்தாள். இறால் மணலில் கொட்டியது. காக்கைகள் இறங்கின. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரண்டு நாளில் அவள் எழுந்து வந்து, "என்ன விட காக்காக்குதான் அன்னிக்கு நல்ல யாவாரம்" என்றாள்.

அந்த வாரமே அமுதவல்லி காட்டூருக்குப் போய் பூவரசம் போத்துகளை வெட்டிக் கட்டாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆள் உயரக் கிளைகள். கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் கேட்டான். திடலின் ஓரத்தில் வரிசையாக ஏழு குழி தோண்டி நட்டாள்.

ஊர் சிரித்தது. முனியன்தான் முதலில் சிரித்தான். "மீன் பிடிக்கிற ஊர்ல தோட்டம் போட வந்துட்டா எங்கூட்டுக்காரி. நாளைக்கு ஏரியில நாத்து நடுவா பாரு."

"நடுவேன். நீ போய் களை புடுங்கு" என்றாள் அவள்.

ஆடு மேய்ந்துவிடாமல் இருக்கக் கிழிந்த நண்டு வலையை ஒவ்வொரு போத்தையும் சுற்றிக் கட்டினாள். தண்ணீர்தான் பெரிய சிக்கல். அந்த மண்ணில் தோண்டினால் உப்புத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் குடிக்கவே பத்தாது. ஏலம் முடிந்ததும் பெட்டிகளில் ஐஸ் கரைந்த தண்ணீரைப் பெண்கள் மணலில் சாய்த்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒருநாள் வழி தெரிந்தது. "அத இந்தாண்ட கவுத்துட்டுப் போங்கடி" என்று கேட்டாள். நல்ல தண்ணீர்தான், கொஞ்சம் மீன் வாடை. அந்த வாடைக்கு நாய்கள் வந்து வேரைத் தோண்டின. அதற்குக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டாள். முதல் மழைக்கு ஏழும் துளிர்த்தன.

மூன்றாம் வருஷம் நிழல் விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை, நிழலில் இடம் பிடிக்கச் சண்டை போட்டார்கள். பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வரும் ஷாலினி டீச்சர், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவள், வெள்ளிக்கிழமைதோறும் அமுதவல்லியை வகுப்புக்குக் கூப்பிட்டாள். அக்கம்பக்கத்துக் குப்பங்களும் கூப்பிட்டன. போகிற இடமெல்லாம் அவள் மூன்றே விஷயம்தான் சொன்னாள். ஆட்டை அவிழ்த்துவிடாதே. உப்புத் தண்ணீர் ஊற்றாதே. மரத்தில் கயிறு கட்டாதே.

முதல் இரண்டையும் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாவதற்கு முகம் சுளித்தார்கள். வலைக்காரனுக்கு மரம் என்றாலே வலையின் ஒரு முனையைக் கட்டி இழுத்துப் பிடித்துப் பழுது பார்க்கிற தூண்தான். அமுதவல்லி விடவில்லை. "நைலான் கயிறு விட்டுக் குடுக்காது. மரம் பருத்துகினே போவும். கயுத்துல கயிறு எறுகினா மாடு கத்தும். இது கத்தாது. நீங்கதான் பாக்கணும்" என்பாள்.

ஊர் பாதி கேட்டது. கேட்காத பாதியில் முனியன் இருந்தான். நாலாவது மரத்தில்தான் அவன் வலை கட்டுவான்.

"ஊருக்கே சொல்றேன், எங்கூட்டு ஆளே கேக்கல" என்று அவள் சண்டைக்கு வந்தால், "வேல முடிஞ்சா நானே தளத்தி வுட்டுர்றேன்ல. உன் மரத்துக்கு மூச்சு முட்டாது, போ" என்பான். சொன்னபடி தளர்த்தியும் விடுவான். அவ்வப்போது முடிச்சை அவிழ்த்து, கொஞ்சம் இடம் கொடுத்து, மறுபடி போடுவான். கயிறு மட்டும் மரத்திலேயே இருக்கும்.

ஐப்பசியில் ஒரு மாலை, பாதி பழுது பார்த்த வலையை அந்த மரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். விடிகாலையில் ஏரிக்குப் போனவன் வரவில்லை. கொண்டுவந்தார்கள்.

அந்தக் குப்பத்தில் ஒரு பழக்கம் இருந்தது. இறந்துபோனவன் கடைசியாகப் போட்ட முடிச்சை வேறு கை அவிழ்க்காது. பதினாறாம் நாள் பெண்டாட்டியோ பிள்ளையோ வந்து அவிழ்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் படகையும் வலையையும் மற்றவர்கள் தொடுவார்கள். முனியனுக்குப் பதினாறாம் நாள் அடைமழை. அமுதவல்லியைக் குடை பிடித்துக் கூட்டிப்போய்ப் படகுக் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். அவிழ்த்தாள். வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். திடலுக்கு யாரும் அழைத்துப் போகவில்லை. பிறகு முனியனின் தம்பி தனசேகர் வலையை மட்டும் முடிச்சைத் தொடாமல் அறுத்து எடுத்துக்கொண்டான். அண்ணி வந்து அவிழ்ப்பாள் என்று ஊர் இருந்துவிட்டது.

அண்ணி தினமும் அந்த மரத்தைத் தாண்டித்தான் போனாள், வந்தாள். மற்ற மரங்களில் யாராவது கயிறு கட்டியிருந்தால் நின்று சத்தம் போடுவாள். நாலாவதற்கு வரும்போது பார்வை தானாகவே ஐந்தாவதற்குப் போய்விடும்.

வைகாசியில் நாலாவது மரத்தின் உச்சி மஞ்சளானது. பூவரசு இலை பழுத்து விழுவது சகஜம்தான் என்று விட்டார்கள். ஆனியில் கிளை கிளையாகக் காய்ந்தது. மரத்துக்கு நோய் வந்துவிட்டதாக ஒரு பேச்சு கிளம்பியது. அதே சமயம், திடலில் வலை உலர்த்தவும் ஐஸ் வண்டி நிற்கவும் சிமென்ட் தளம் போடலாம் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் சேர்ந்து ஆடியில் ஊர்க்கூட்டமானது.

பெண்கள் வழக்கமாக அங்கே உட்காருவதில்லை. மரம் அவள் வைத்தது என்பதால் அமுதவல்லியைக் கூப்பிட்டிருந்தார்கள். நாகம்மாளும் கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஊர்த் தலைவர் துளசிங்கம் நயமாகத்தான் ஆரம்பித்தார். "உன் மேல கொற இல்லம்மா. நாலாவது பட்டுப் போச்சு. வண்டி மேல வுழுந்தா யாரு பதில் சொல்றது? ஒண்ணுல நோவு வந்தா வரிசையா பரவும்னு சொல்றாங்க. ஏழையும் எடுத்துட்டு தளம் போட்டா எல்லாருக்கும் ஒதவும்."

"அப்ப நாங்க எங்க குந்தறது, தலைவரே? உங்க தலை நெழலுலயா?" என்றாள் நாகம்மாள். வழுக்கையான தலை. கூட்டம் சிரித்தது. துளசிங்கமும் சிரித்துக்கொண்டே தலையைத் தடவிக்கொண்டார்.

அமுதவல்லி எழுந்து பேசினாள். ஐஸ் கணக்கைச் சொன்னாள். தளத்தை அந்தப் பக்கம் தள்ளிப் போட இடம் இருப்பதைச் சொன்னாள். எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போல இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

பின்னால் நின்றிருந்த விக்கி என்ற இளவட்டம் வாயைத் திறந்தான். "நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊருக்கெல்லாம் கயிறு கட்டாத, கயிறு கட்டாதனு சொல்லிகினு திரியற. நாலாவது மரத்துல இருக்கறது யாரு கயிறு, அக்கா?"

"டேய், வாய மூட்றா" என்றார் துளசிங்கம்.

அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. தனசேகர் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கூட்டுக்காரரு கயிறுதான்" என்றாள் அமுதவல்லி. "நோவு இல்ல. பரவாது. நான் அவுக்கல. அதான்."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. துளசிங்கம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"செரி, அவுத்துரு. ஆவணி கடைசிக்குள்ள அது துளிர்த்தா, நோவு இல்லனு ஊரு ஒத்துக்கும். தளத்த அந்தாண்ட போட்டுக்குவோம். துளிர்க்கலனா ஏழையும் எடுத்துருவோம். இன்னாம்மா சொல்ற?"

"செரி."

அப்போதே போனாள். நாகம்மாளும் தனசேகரும் கூடவே போனார்கள். கயிறு மரத்துக்குள் போயிருந்தது. அதற்கு மேலே பட்டை உதடு மாதிரி பிதுங்கி, நீல நைலானைப் பாதி விழுங்கியிருந்தது. முடிச்சு மட்டும் வெளியே தெரிந்தது. வெயிலில் வெளுத்து, உப்பேறி, கல்லாக இருந்தது. அமுதவல்லி நகத்தால் நெம்பிப் பார்த்தாள். நகம் உடைந்தது. பல்லால் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"அறுத்தாதான் உண்டு, அண்ணி" என்று தனசேகர் வலைக்கத்தியை நீட்டினான்.

"நீயே அறுத்துடேன்."

"நான் எப்டி அண்ணி..."

முடிச்சை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் கத்தி வைத்தாள். பட்டையோடு சேர்த்துத்தான் அறுக்க வேண்டியிருந்தது. நைலான் இழை இழையாக விட்டது. கடைசி இழை விட்டதும் கயிற்றைப் பிடித்து உரித்தாள். பட்டைத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன. மரத்தைச் சுற்றி ஈரமான ஒரு பள்ளம். அதில் விரலை வைத்துச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். ஓரிடத்தில் மட்டும் பட்டை அறுபடாமல், இரண்டு விரல் அகலத்துக்கு மேலும் கீழும் சேர்ந்திருந்தது.

நாகம்மாள் மூக்கைச் சிந்தினாள். "நீ அழுடி, நான் ஏன் அழுவறேன்?"

"வர்ல" என்றாள் அமுதவல்லி. கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். ஷாலினி டீச்சரின் மேசைமேல் வைத்தாள். "இது என் வூட்டுக்காரரு கட்டுனது. அவுரு தளத்தி வுட்டுகினுதான் இருந்தாரு. அவுரு போன பெறவு நான் தளத்தி வுடல. மரம் பருத்துச்சு. இத கையில வாங்கிப் பாருங்க" என்றாள். கயிறு வரிசை வரிசையாகக் கை மாறியது. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி முடிச்சைத் திருப்பிப் பார்த்து, "எங்க நைனா கூட இப்டிதான் போடும். ஆறாவது மரத்துல" என்றாள்.

"அப்ப இன்னா பண்ணணும்?"

"சொல்றேன். திட்டும்."

"திட்டட்டும். சொல்லு."

மறுநாள் ஆறாவது மரத்தில் கயிறு இல்லை. அதன் சொந்தக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு சவுக்குக் கம்பத்தை மணலில் ஊன்றிக்கொண்டிருந்தார்.

நாலாவது மரத்துக்குத் தினமும் ஐஸ் தண்ணீர் போயிற்று. இருந்த இலையும் கொட்டியது. ஆவணி பிறந்தது. உச்சிக் கிளைகள் முறித்தால் படக்கென்று முறிந்தன. துளசிங்கம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அமுதவல்லி மேலே பார்க்கவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.

மாதக் கடைசியில் நாகம்மாள்தான் கண்டுபிடித்தாள். மேலே அல்ல. கயிறு இருந்த தழும்புக்குக் கீழே, பட்டையைப் பிளந்துகொண்டு மூன்று துளிர்கள். எலிக்காது அளவு.

ஊர் கூடி நின்று பார்த்தது. விக்கி ஒத்துக்கொள்ளவில்லை. "இது செல்லாது. மேல துளிர்க்கணும். மேல செத்துதான் போச்சு."

"மேல, கீழனு நாம பேசலியே" என்றார் துளசிங்கம். "துளிர்த்தா போதும்னுதான சொன்னேன். துளிர்த்துகீது. தளத்த அந்தாண்ட போடுங்க. மேல இருக்கறத மட்டும் அறுத்துரு, வண்டி மேல வுழப் போவுது."

தனசேகர் ரம்பம் கொண்டுவந்து தழும்பு இருந்த இடத்தோடு மரத்தை அறுத்தான். இடுப்புயரக் கட்டையும் மூன்று துளிரும் நின்றன. மொட்டைக் கிளைகளின் கொஞ்ச நிழலும் போய், ஆறு மரத்து நிழலுக்கு நடுவே ஒரு மரத்து அகலத்துக்கு முழு வெயில் விழுந்தது. அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் கூடையை நகர்த்திக்கொண்டு ஐந்தாவதற்குப் போனார்கள்.

ஏலம் முடிந்ததும் அமுதவல்லி பெட்டியைத் தூக்கிக் கட்டையின் அடியில் சாய்த்தாள். கரையாத ஐஸ் துண்டு ஒன்று தண்ணீரோடு வந்து அவள் கால்மேல் விழுந்தது. காலை இழுத்துக்கொண்டாள்.

"இன்னாடி?" என்றாள் நாகம்மாள்.

"ஜில்லுனு கீது" என்றாள். அடுத்த பெட்டியை எடுக்கப் போனாள்.