முழங்கால் போட்ட ஓட்டு

அட்டைப்பெட்டிக் கம்பெனியை இடம் மாற்றலாமா என்று முதலாளி கேட்டபோது, முதல் ஆளாகக் கை தூக்கியவர் கட்டிங் மாஸ்டர். கை அவருடையதுதான், தூக்கச் சொன்னது இடது முழங்கால். பட்டறை அப்போது கடைத்தெருவில், ஒரு செருப்புக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. படிக்கட்டு ஏணிக்குத் தம்பி மாதிரி செங்குத்தாக நிற்கும். அதில் ஏறி இறங்கி வீடு சேர்ந்தால், மனைவி ஊற்றி வைத்த சுடு டீயை எட்டி எடுக்கவே தெம்பு மிஞ்சாது. புது இடத்தில் மாடியே கிடையாது என்றார்கள். அதற்குமேல் எதுவும் அவர் காதில் விழவில்லை.

விழாமல் போனதையெல்லாம் சொன்னவர் முதலாளியின் மாப்பிள்ளை. ஒரு கம்பெனி வளர மூன்று கால் வேண்டும் என்பது அவர் படித்த படிப்பு: நல்ல இடம், புதுமை, திறமையான ஆட்கள். இடம், நெடுஞ்சாலை ஓரத் தொழிற்பேட்டை. லாரி வாசல்வரை வரும். புதுமை, ஒரு மெஷின்; அட்டையை விழுங்கிப் பெட்டியாகத் துப்பும். திறமைக்குப் பயிற்சி, அதை மாஸ்டர் பார்த்துக்கொள்வார். அந்த மூன்றாவது கால் தன்னுடையது என்பது மாஸ்டருக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் நாளே உறைத்தது. ஒரு பஸ், இன்னொரு பஸ், பிறகு லாரிகள் புழுதி வாரி இறைக்கும் சாலையில் நடை. படிக்கட்டு இல்லைதான், வாக்குத் தவறவில்லை. சாயங்காலம் அவர் வீடு வந்தபோது டீ ஆறி, ஆடை படிந்து, அந்த ஆடையும் மனம் வெறுத்துச் சுருங்கிக் கிடந்தது.

"படி ஏறினப்பவாவது மனுஷனா வந்தீங்க," என்றாள் மனைவி. "இப்ப மூட்டையா வர்றீங்க."

பசை ஒட்டும் பெண்களில் பெரும்பாலோர் புது இடத்துக்கு வரவில்லை. அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. புது ஆட்களைச் சேர்த்தார்கள். அட்டையைக் கோணாமல் மெஷினுக்குள் விடவும், மடிப்பு வெடிக்காமல் பார்க்கவும் மாஸ்டர் தொண்டை வற்றக் கற்றுக்கொடுத்தார். கற்றுத் தேறியவர்களைப் பக்கத்து பிஸ்கட் கம்பெனி கொத்திக்கொண்டு போனது. அங்கே சம்பளம் கூட; வீட்டு வாசலுக்கு வேன் வரும். ஆக, மாஸ்டர் ஒரு கல்லூரியே நடத்தினார். பட்டமளிப்பு மட்டும் அடுத்த காம்பவுண்டில் நடந்தது. பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிற்கையில், பழைய மாணவர்கள் வேன் ஜன்னலிலிருந்து மரியாதையாகக் கையாட்டிப் போனார்கள்.

மெஷின் மட்டும் விசுவாசமாக இருந்தது. ஆனால் அதற்குத் தீனி இல்லை. ஆர்டர் வரவில்லை.

பழைய பட்டறையின் ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு கூடை தொங்கும். கீழே உள்ள கடைக்காரர்கள், பெட்டி தேவைப்படும் பொருளில் ஒன்றை, ஒற்றைச் செருப்போ சுவர்க்கடிகாரமோ, கூடையில் போட்டுக் கயிற்றை இழுப்பார்கள். அளவெடுத்த பெட்டி சாயங்காலம் கீழே இறங்கும். அவர்களுக்குக் கயிற்றைத் தெரியும். கம்பெனியின் பெயர் தெரியாது, ஃபோன் நம்பரும் தெரியாது. இடம் மாறியபோது கூடையையும் பத்திரமாகக் கொண்டுவந்து, புதுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். தரைக்கு ஒரு முழம் மேலே அது தொங்கியது. டீ கிளாஸ் வைக்க வசதியாக இருந்தது.

இப்படியே போனால் மூடிவிட வேண்டியதுதான் என்று முதலாளி வாய்விட்டுச் சொன்ன அன்று, மாஸ்டர் கூடையைப் பார்த்தார். வேலையும் நிலைக்கும், பஸ்ஸும் ஒழியும் என்று ஒரே கணக்கில் இரண்டும் கூடிவந்தன.

"முதலாளி, கூடையைப் பழைய ஜன்னல்லயே தொங்கவிடுவோம். நான் அங்கயே உட்கார்ந்துக்கறேன்."

காலையில் ஒரு தடவை ஏறினால் போதும். கையில் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும். ஐந்து நிமிட நடையில் வீடு. சுடச்சுட டீ. முழங்காலும் அரைமனதாகச் சம்மதித்தது.

பழைய அறை காலியாகத்தான் கிடந்தது. மாப்பிள்ளை அதற்கு 'வாடிக்கையாளர் தொடர்பு மையம்' என்று பலகை எழுதினார். கூடை இறங்கிய அன்றே செருப்புக்கடைக்காரர் கயிற்றை இழுத்து, "செத்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்," என்றார். ஆர்டர் குவிந்தது.

குவிந்ததை முடிக்க மெஷின் ஓட வேண்டும். மெஷின் தெரிந்தவர்கள் எல்லாரும் பிஸ்கட்டில் இருந்தார்கள்.

"காலையில அங்க கூடை, மத்தியானம் இங்க மெஷின்," என்றார் முதலாளி, தோளில் கை போட்டு. "உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா மாஸ்டர்?"

கம்பெனி வளர்ந்துவிட்டது. ஒரு முனை கடைத்தெருவில், மறுமுனை நெடுஞ்சாலையில். இடைப்பட்ட நீளத்தை மாஸ்டர் தினமும் பஸ்ஸில் அளந்தார்.

ஒருநாள் அப்படி வீடு வந்தவர் உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி டீயை மறுபடி சுட வைத்துக் கொண்டுவந்தாள்.

"கேட்ட படிக்கட்டு கெடச்சுதா?"

"கெடச்சுது. பஸ்ஸும் போகலை."

"இனி என்னவாம்?"

"இன்னொரு ஊர்லயும் கிளை திறக்கலாமான்னு மாப்பிள்ளை எல்லாரையும் கேட்டார்."

அவள் அவருடைய முழங்காலைப் பார்த்தாள். "நீங்க?"

"கையை இறுக்கிக் கட்டிக்கிட்டேன்," என்றார். டீ சூடாக இருந்தது.