ஜமக்காளத்தைத் தர மாட்டேன் என்றேன்

கர்த்தருக்குப் பிரியமானவர்களே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு மெஷினில் போன விரல்கள் திரும்ப முளைக்கவில்லை. அப்படி ஓர் அற்புதத்தை எதிர்பார்த்துப் படிக்க உட்கார்ந்தவர்கள் என்மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். இதை யார் முகத்துக்கு நேராகவும் சொல்வேன்.

அது எண்பத்தாறாம் வருடம். பருத்திப்பட்டில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் தாசன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில், தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமையானால் சபையில் டோலக் அவர்தான். ஆகஸ்டு மாதம் ஒரு நாள், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வலது கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது. கட்டை விரலைத் தவிர மற்றதெல்லாம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். படுத்தவர்தான். புண் ஆறியது, மனுஷன் எழுந்திருக்கவில்லை. போட்டதைத் தின்றார். கேட்டதற்குப் பதில் இல்லை. அவர் முன்கோபி என்று தெருவுக்கே தெரியும். அப்படிப்பட்டவருக்குக் கோபம்கூட வராமல் போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சபையார் வந்தார்கள், ஜெபித்தார்கள், டீ குடித்தார்கள். "கர்த்தர் பாத்துப்பாரு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாளாக ஆக வருகிறவர்கள் குறைந்தார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார், சரி. நீங்களும் வந்து ஒரு பார்வை பார்த்தால் என்னவாம் என்று எனக்கு வயிறு எரிந்தது.

பக்கத்து வீட்டுக் கமலாக்கா ஆவடி ஸ்டேஷன் வாசலில் பூ விற்பார். நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பிய ஒரு நாள், என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றார். நான் இல்லாத நேரம் பார்த்து அவர் படுக்கையை விட்டு எழுந்து போயிருக்கிறார். கமலாக்கா அவரை உள்ளே அனுப்பிவிட்டு என்னைத் தனியாக இழுத்தார்.

"இன்னாமே, இவரு பிளாட்பாரம் முடியற எடத்துல தண்டவாளத்தையே பாத்துகினு நிக்கிறாரு. கூப்டா காதுலயே வாங்கல. நாந்தான் இட்டாந்தேன். இனிமே ஒண்டியா உடாதே."

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த மனுஷனைச் சாவுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அடுப்படியில் நின்று வாய்விட்டே சொன்னேன்.

எங்கள் சபையில் புதன்கிழமை தோறும் சாயங்காலம் வீட்டுக் கூட்டம் நடக்கும். வாரத்துக்கு ஒரு வீடாக முறை சுற்றி வரும். அதற்கென்று சபைக்கு ஒரு பெரிய ஜமக்காளம் உண்டு. கூட்டத்தின் கடைசி ஜெபத்தை அந்த வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஜமக்காளத்தைச் சுருட்டி அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள்.

எங்கள் முறை வந்தது. கடைசி ஜெபத்துக்கு எல்லாரும் உள்ளறையைப் பார்த்தார்கள். அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. சபை மூப்பர் சாமுவேல் ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நானே முடிச்சிடறம்மா" என்றார்.

"வேணாங்கய்யா. எங்க ஊட்டு ஜெபத்த எங்க ஊட்டுக்காரரு முடிக்கட்டும்."

"அவரு எப்பம்மா முடிக்கிறது?"

"முடிக்கிற அன்னிக்கி முடிக்கட்டும். அதுவரைக்கும் ஜமக்காளம் இங்கதான் இருக்கும்."

யாருக்கும் பிடிக்கவில்லை. அடுத்த புதனும் எங்கள் வீடு, அதற்கடுத்த புதனும் எங்கள் வீடு. "எங்க முறை எப்ப வர்றது?" என்று ஓர் அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டார். "அடம் புடிக்கிறது விசுவாசம் இல்ல சிஸ்டர்" என்றார் இன்னொரு தம்பி. "அப்போ அதுக்கு ஒரு பேரு நீங்களே வெச்சிக்குங்க. ஜமக்காளத்தத் தர மாட்டேன்" என்றேன்.

என் ஜெபமும் அதே மாதிரிதான் இருந்தது. "ஆண்டவரே, விரலைக் கேட்கவில்லை. இந்த மனுஷனை எழுப்பும். எழுப்பும்வரை உம்மையும் விட மாட்டேன், இந்தச் சபையையும் விட மாட்டேன்" என்பேன்.

மழைக்காலம் வந்தது. ஏரிப் பக்கத்துத் தெரு, முழங்கால் தண்ணீர். வருகிறவர்கள் நின்றுபோனார்கள். சாமுவேல் ஐயா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டே வருவார். கமலாக்கா பூக்கூடையோடு வந்து ஓர் ஓரத்தில் உட்கார்ந்து கட்டுவார். "எனுக்கு உங்க சாமி பாட்டுலாம் தெரியாது. ஆனா உனுக்குத் தொணையா குந்திகினு இருப்பேன்" என்பார்.

அப்புறம் ஒரு புதன்கிழமை. காலையிலிருந்தே கொட்டியது. இன்றைக்கு வேண்டாம், யார் வரப்போகிறார்கள், கர்த்தருக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். கொஞ்ச நேரம் அது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அந்தச் சுகம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டுக்காரரும் இப்படித்தானே படுத்திருப்பார்! விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்றுதான் தினமும் படுத்திருக்கிறார். எழுந்து ஜமக்காளத்தை உதறி விரித்தேன்.

சாயங்காலம் சாமுவேல் ஐயா நனைந்துகொண்டு வந்தார், கமலாக்காவும் வந்தார். ஐயா வழக்கம்போல ஜெபித்தார். "இந்தக் குடும்பத்துக்கு நேரிட்ட எல்லாத்துக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார்.

"இன்னாத்துக்கு ஸ்தோத்திரம்?"

உள்ளறையிலிருந்து வந்தது சத்தம். ஓடு அதிர்ந்தது. ஐயா ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினார். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. என் வீட்டுக்காரரின் பழைய குரல் அது.

"அங்கிருந்து கத்தாதீங்க. இங்க வந்து குந்தி, யார்கிட்ட கேக்கணுமோ அவர்கிட்டயே கேளுங்க" என்றேன்.

வந்தார். தள்ளாடிக்கொண்டு வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்து, கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இந்தக் கையாலதானே உனுக்கு டோலக் தட்டனேன்? இத்தையா எடுத்துகினே? நான் இன்னா பண்ணேன் உன்ன? நீயும் பேசல, நானும் பேசல. இத்தினி நாளா ரெண்டு பேரும் மூஞ்சத் திருப்பிகினு கீறோம். இனிமே நான் இன்னா பண்றது? அத்தயாவது சொல்லித் தொலையேன்!"

அதற்குமேல் முடியவில்லை. மீதிக் கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆகஸ்டிலிருந்து அவர் அழுதது அதுதான் முதல் முறை.

கமலாக்கா கட்டிக்கொண்டிருந்த பூவைக் கூடையில் வைத்துவிட்டு, "ஆமென்" என்றார். யாராவது ஜெபித்து முடித்தால் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எங்கள் வீட்டில் பார்த்துப் பழகியிருந்தார். சாமுவேல் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "இது ஜெபமாம்மா?" என்றார்.

"இத்தவிட ஜெபம் இன்னாய்யா கீது?"

ஐயா மறுபடி கண்ணை மூடினார். பிறகு அவரும் "ஆமென்" என்றார்.

மறுநாள் என் வீட்டுக்காரரே ஜமக்காளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனார். எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த நாட்கள் பிறகும் வந்தன. ஆனால் அப்போதெல்லாம் கர்த்தரோடு சண்டை போடவாவது செய்தார். இடது கையால் எழுதப் பழகினார். அதே எஸ்டேட்டில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. ஒரு நாள் ரசத்தில் உப்பு அதிகம் என்று தெருவே கேட்கக் கத்தினார். நான் அடுப்படியில் நின்று கண்ணீரோடு கர்த்தரைத் துதித்தேன்.

இப்போது எஸ்டேட்டில் யாருக்காவது அடிபட்டால் அவர்தான் முதலில் போய் உட்காருகிறார். ஆறுதல் வார்த்தை பேச அவருக்கு வராது. ஆனால் துரத்தினாலும் எழுந்து வர மாட்டார்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கலாம். அது நீங்களாகவே இருக்கலாம். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு நகர்ந்து போகாதீர்கள். போய் உட்காருங்கள். கேட்க வேண்டியதைக் கர்த்தரிடமே கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்கிறவர் இல்லை, நான் கண்ணால் கண்டவள்.

இதை எழுதும்போது என் வீட்டுக்காரர் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார். "நான் சாமியத் திட்டனத மட்டும் எடுத்துடு. ஜனங்க இன்னா நெனைப்பாங்க?" என்கிறார்.

எடுக்க மாட்டேன். அந்த ஜெபத்தைத்தான் கர்த்தர் கேட்டார்.