சகலை தொங்கவிட்ட பெட்டிகள்

சாத்தூர் பேருந்து நிலையத்தில் காலை ஆறரை மணிக்கு ஏறினோம். ஆனி மாதத்துச் சனிக்கிழமை. திருநெல்வேலிக்கு எண்பது கிலோமீட்டர். அங்கிருந்து சேரன்மாதேவிப் பாதையில் இன்னும் இருபத்தைந்து. எதற்குப் போகிறாய் என்று கேட்டவர்களிடம், மாமனார் ஊர்க் கோயிலில் பிரதிஷ்டைப் பண்டிகை என்று சொன்னேன். எங்கள் ஆட்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். சொன்னது பொய்யில்லை. ஆனால் நான் புறப்பட்டது, அந்தப் பண்டிகையின் ஒலிபெருக்கி ஆர்டரை என் சகலையிடமிருந்து தட்டிப் பறிக்க.

என் மனைவி எஸ்தர். அவள் தங்கை மெர்சி. மெர்சியின் கணவன் சாலமோனும் என்னைப் போலவே ஒலிபெருக்கித் தொழில்தான். நான் சாத்தூரில் மைக் செட் வைத்து இருபது வருடமாகிறது. அவன் எனக்குப் பின்னால் பாளையங்கோட்டையில் தொடங்கியவன். என் பெட்டிகள் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அவன் பெட்டிகள் அந்தரத்தில் தொங்கும். லைன் அரே என்பார்கள். மெலிந்த பெட்டிகளை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பூட்டி, வாழைத்தாரைப் போல உயரத்தில் தொங்கவிடுவது. முன்வரிசைக்காரனின் காது கிழியாது, கடைசி வரிசைக்காரனுக்கும் வார்த்தை தெளிவாகக் கேட்கும். ஒவ்வொரு வருடமும் மாமனார் ஊரில், மாமனார் கண்ணெதிரே, அவன் அதைத் தொங்கவிடுகிறான். நான் பண்டிகைப் பந்தியில் அசனச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன்.

போன மாதம் பண்டிகைக் கமிட்டிச் செயலர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், மாமனாருக்குப் பங்காளி முறை. "சின்ன மாப்பிள்ளைக்குத் தலைக்கனம் கூடிப் போச்சு. நீங்க வந்து பாருங்க. அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசுவோம்" என்றார். அன்றே மதுரைக்குப் போய், விலைக்கு வந்திருந்த ஒரு பழைய லைன் அரேயைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த ஆர்டர் கிடைத்தால் வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

எஸ்தருக்கு இது தெரியும். கோவில்பட்டி தாண்டியதும் சன்னலைப் பார்த்தபடி, "நீங்களும் ஒண்ணு தொங்க விட்டா எங்கப்பா சந்தோசப்படுவாரு" என்றாள். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையம். டீ பதினைந்து ரூபாய். சாத்தூரைவிட மூன்று ரூபாய் அதிகம், ருசியும் அதிகம், அதிலும் எனக்கு ஒரு வருத்தம். சேரன்மாதேவி போகும் நகரப் பேருந்தில் எஸ்தருக்குக் கட்டணம் இல்லை. எனக்கு மட்டும் சீட்டு. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். கார் சாகுபடி நாற்று பச்சையாக நின்றது. கால்வாயில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. எங்கள் பக்கம் இந்த மாதத்தில் ஆடு குடிக்கக்கூடத் தண்ணீர் இருக்காது. ஆற்றங்கரைக்காரர்களுக்கு எல்லாம் தானாக வருகிறது, சாலமோனுக்கு வருவதைப் போல.

பக்கத்து இருக்கையில் பத்தமடைக்காரர் ஒருவர், தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக, மடியில் இரண்டு பாய்ச் சுருட்டுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சன்னலை அடைச்சிருங்க அண்ணாச்சி. ரெண்டு நாளா காத்து ஒரு மாதிரியா அடிக்கு. நேத்து காயப்போட்ட கோரை பூரா தெருக்கோடில கெடக்கு" என்றார்.

"ஆனியில அடிக்கிறதுதானே?"

"அடிக்கும். இப்பம் ஒண்ணும் தெரியாது. வெயில் தாழ்ந்த பொறகுதான் மலையில இருந்து எறங்கும்" என்றார். எஸ்தர் பாயின் விலை கேட்டாள். அவர் சொன்னதும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பத்தமடையில் அவர் இறங்கும்போது இரண்டு சுருட்டையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் இறங்கினார்.

பத்தரைக்கு ஊர். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் கமிட்டியும் சண்டைக்கு வரும், மாமனாரும் வருவார். பள்ளிக்கூட மைதானத்துக்கு மேற்கே வயல், வயலுக்கு அப்பால் மலை, மலைத் தலையில் மேகம். மேடைக்கு இரண்டு பக்கமும் அலுமினியச் சட்டங்களால் ஆன கோபுரங்கள் நின்றன. ஒவ்வொரு கோபுரத்தின் காலிலும் தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டிகளைக் கட்டி, நாலு திசையிலும் கம்பி இழுத்து முளையடித்திருந்தான். சாலமோன் தலையில் மஞ்சள் தொப்பியோடு ஓடிவந்தான்.

"வாங்கண்ணே. வாங்க அக்கா, மெர்சி சமையல் பந்தல்ல இருக்கா. அண்ணே, சரியான நேரத்துக்கு வந்திருக்கிய. இப்பந்தான் தூக்கப் போறோம். நீங்க பாத்துச் சொல்லணும்."

என்னைக் கண்டதில் அவனுக்கு உண்மையான சந்தோஷம். அதுதான் தாங்க முடியவில்லை.

பெட்டிகள் தரையில் பூட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே எஃகு ஊசிகள். வேலைக்காரர்கள் செருகி முடித்த ஒவ்வொன்றையும் சாலமோன் மறுபடி தன் விரலால் இழுத்துப் பார்த்தான். மேலே தூக்குகிற சங்கிலி மோட்டார் ஒன்று. அது போதாதென்று, சங்கிலி அறுந்தாலும் தாங்குவதற்கென்று தனியாக ஓர் எஃகுக் கயிறு. பிறகு விசில் ஊதினான். பெட்டிகள் ஓரடி எழும்பி நின்றன. அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எதுக்கு நிப்பாட்டினே?"

"ஏதாவது வழுக்குறதுன்னா இங்கன வச்சே வழுக்கட்டும்ணே. மேல போயி வழுக்க வேண்டாம்."

மறுபடி விசில். கயிறு கட்டிய எல்லைக்குள் ஒரு வேலைக்காரன் கால் வைத்தான். "லே, வெளிய வா. தொங்குறதுக்குக் கீழ உனக்கு என்ன வேலை" என்றான் சாலமோன். பெட்டிகள் சத்தமில்லாமல் ஏறின. உச்சியில் போய், அடிப்பகுதி கொஞ்சம் உள்ளே வளைந்து, கூட்டத்தைக் குனிந்து பார்ப்பதுபோல் நின்றன. அழகு. அழகு என்று ஒத்துக்கொள்ள எனக்கு வயிறு எரிந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு பூட்டாகத் தேடித்தேடிப் பார்த்தேன். ஒரு குறை கிடைக்கவில்லை.

மத்தியானம் அசனம். ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகைச் சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய், ரசம். மாமனார் சாலமோனின் இலைக்குத் தன் கையால் கறி வைத்தார். எனக்கும் வைத்தார். எண்ணிப் பார்க்கக் கூடாது என்று இருந்தும் பார்த்தேன்.

சாப்பிட்டுத் திரும்பினால், ஒரு கோபுரத்தில் இருபதடி ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. நடுவில் கோயில் படம், சுற்றிலும் கமிட்டியாரின் முகங்கள், எல்லாவற்றிலும் பெரிதாகச் செயலரின் முகம். சாலமோன் நேராக ஏணியில் ஏறி அவிழ்க்கத் தொடங்கினான். செயலர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்.

"சின்ன மாப்பிள, என்ன செய்யுதிய? ஆசையா அடிச்ச படம்."

"மாமா, இது படம் இல்ல, கப்பல் பாய். காத்து இதைப் பிடிச்சா கோபுரத்தையே சாச்சிரும். தனியாக் கம்பு நட்டுக் கட்டிக்கிடுங்க. என் கோபுரத்துல வேண்டாம்."

செயலர் தன் முகம் சுருண்டு கீழே வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதுவதில் வெட்கம் இல்லை.

ஐந்தரை மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. எஸ்தரும் மெர்சியும் மாமனாரும் முன்னாலேயே, கோபுரத்து எல்லைக் கயிற்றை ஒட்டிப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மருமகனின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவதில் மாமனாருக்கு ஒரு பெருமை. முதல் பாட்டுக்கு ஆர்மோனியம் தொடங்கியபோது காற்று வந்தது. பாய்க்காரர் சொன்னது சரி. வயலில் நாற்று ஒரே பக்கம் படுத்தது, பந்தல் துணி படபடவென்று அடித்தது. கோபுர உச்சியில் சாலமோன் காற்றை அளக்கும் ஒரு சிறிய கருவி வைத்திருந்தான். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று அதன் எண் அவன் மேசையில் தெரியும். இருபத்தைந்து, முப்பது, மறுபடி இருபத்தாறு. முப்பத்தைந்தைத் தொட்டால் இறக்கிவிடுவேன், அப்புறம் என்னிடம் யாரும் பேசக் கூடாது என்று ஆர்டர் எடுக்கும்போதே கமிட்டியிடம் சொல்லியிருந்தானாம். அவர்களும் சரி என்றிருந்தார்கள். நடக்காத காரியத்துக்குச் சரி சொல்ல யாருக்கும் கஷ்டமில்லை.

எண் முப்பத்தாறு காட்டியது. சாலமோன் மைக்கை வாங்கினான்.

"காத்து கூடிட்டு. பெட்டியை எறக்குதோம். முன்னால இருக்கவங்க எந்திரிச்சு நடுவுல வாங்க. பைய வாங்க, அவசரம் இல்ல."

பாட்டு நின்றது. மாமனார் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். விசில். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, காலையில் அவ்வளவு அழகாக ஏறியது, சுருங்கிச் சுருங்கித் தரைக்கு வந்தது. யாரோ சிரித்தார்கள். பெட்டிகள் தரையில் கிடந்தபடி, ஏறக்குறைய என் செட்டைப் போலவே, பாடத் தொடங்கின. பின்வரிசையில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை, எழுந்து போனார்கள்.

அதைவிட மோசம், அரை மணி நேரத்தில் காற்று நின்றுவிட்டது. ஒரு பந்தல் கால்கூடச் சாயவில்லை. இலை அசையவில்லை. செயலர் ஓடிவந்தார். "மாப்பிள, நின்னுட்டு. தூக்குங்க."

"ஆளு உக்காந்த பொறகு தலைக்கு மேல தூக்க மாட்டேன் மாமா."

"ஒண்ணும் ஆகலையே."

"ஆகலை. நல்லதுதான" என்றான் சாலமோன். முகம் சிவந்திருந்தது. அவனுக்கும் அவமானம்தான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆனால் விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அந்த இடத்தில்தான் என் பொறாமை இடம் மாறியது. காலையில் பெட்டிகள் மேல் இருந்தது. பெட்டியைக் காசு கொடுத்தால் வாங்கலாம். இத்தனை பேர் முன்னால் முட்டாளாகத் தெரிவதற்கு ஒரு தைரியம் வேண்டுமே, அது மதுரையில் விலைக்கு வரவில்லை. நானாக இருந்தால் எண்ணைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி ஜெபம் பண்ணியிருப்பேன்.

செயலர் என்னை ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். "பாத்தியளா பெரிய மாப்பிள? அடுத்த வருஷம் உங்களுக்குத்தான். இப்பமே முடிச்சிருவோம். ஒண்ணே ஒண்ணு, நடுவுல எறக்கி எங்க மானத்தை வாங்கக் கூடாது. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்."

இதற்காகத்தான் நூறு கிலோமீட்டர் வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். அப்போது எஸ்தர், காற்று நின்றதைக் கண்டு, பழையபடி கோபுரத்துக் கயிற்றை ஒட்டிப் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடமும் அங்கேதான் உட்காருவாள். அப்போது தலைக்கு மேல் இருப்பது என் பெட்டி என்பதால் இன்னும் ஒட்டி உட்காருவாள்.

"காத்து அடிச்சா நானும் இறக்குவேன் மாமா" என்றேன்.

செயலர் வேட்டியை உதறிக் கட்டினார். "அப்பம் பெரிய மாப்பிள்ளைக்கும் சின்ன மாப்பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்?" என்று சலித்துக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை வருடமாக இந்த ஊரில் யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் காத்திருந்த வார்த்தை. வசையாக வந்தது, ஆர்டரையும் எடுத்துக்கொண்டு போனது. நான் சொன்ன பதிலும் என்னுடையது இல்லை, சாலமோனைப் பார்த்துக் கற்றது.

ஞாயிறு ஆராதனை முடிந்து, அவனே தன் வேனில் எங்களைத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து விட்டான். வழியில், "அடுத்த வருஷம் எனக்குத் தர மாட்டாங்கண்ணே. நீங்க எடுத்துக்கிடுங்க. வெளியாளுக்குப் போவாண்டாம். கோபுரமும் மோட்டாரும் நான் தாரேன்" என்றான். வள்ளலாகவும் அவனே இருக்கிறான். எனக்கு ஆத்திரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடத் தோன்றியது. செயலர் கூப்பிட்டது, நான் வந்தது, அவர் கேட்டது, நான் பதில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். வேனை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"அப்பம் ரெண்டு பேருக்கும் இல்ல. சரிதாம் போங்க" என்றான். எஸ்தர் கையில் ஒரு கிலோ அல்வாவைத் திணித்தான்.

மாலை நான்கு மணிக்குச் சாத்தூர். வெயில் தகித்தது. கடையைத் திறந்தேன். என் பெட்டிகள் தரையில் வரிசையாக நின்றன. எஸ்தர் வாசலில் நின்று அல்வாவைப் பிரித்தபடி, "அந்த மதுரைப் பெட்டி இன்னும் விலைக்கு இருக்கா?" என்று கேட்டாள். காற்றடித்தால் இறக்குவேன் என்று செயலரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இறக்குவதற்கு முதலில் மேலே ஏதாவது இருக்க வேண்டும்.