நரிக்கு அனுமதிக் கடிதம் தேவையில்லை

அண்ணா, நீ சொன்ன பொய்களில் எனக்கு மிகவும் பிடித்தது வன்னியில் நரி பிடித்த கதைதான். யாழ்ப்பாணத்து பேக்கரியில் பாண் சுட்டுக்கொண்டிருந்த நீ எந்த நரியைக் கண்டாய்?

வாசிக்கிறவர்களுக்கு முதலில் இருந்து சொல்கிறேன். ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு கிராமத்தில் எங்கள் அகதிமுகாம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட ஜெர்மன்காரர் பின்வளவில் ஐந்து கோழி வளர்த்தார். மூன்றை நரி தின்றுவிட்டது. அவரிடம் ஒரு வேட்டைநாயும் இருந்தது. ஒட்டிய வயிறு, நீளக் கால். மோப்பம் பிடிக்காது, கண்ணால் கண்டதைத்தான் துரத்தும். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியதாம். இப்போது பகல் முழுக்க சோபாவில் கிடந்தது. எங்களுக்குச் சோபா இல்லை.

அண்ணா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் அவரிடம், "நான், நாய், நரி, முடிஞ்சுது," என்று சொல்லி வைத்தான். இந்த நாட்டில் நாயை விட்டு நரி வேட்டையாடக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாது. ஒருநாள் அந்த மனுசன் பல் பிடுங்கப் போகும்போது, நாயை உலாத்திக்கொண்டு வரும்படி எங்களிடம் தந்தார். அது செத்துப்போன தன் மனைவியின் நாய், கயிற்றை மட்டும் அவிழ்க்க வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். அண்ணா இரண்டு தரமும் தலையாட்டினான்.

கோதுமை வெட்டி முடிந்த வெறும் வயல். நடுவில் நரி நின்றது.

"பிள்ளை, இப்ப பார்," என்று அண்ணா கயிற்றில் கை வைத்தான்.

"வேண்டாம் அண்ணா. அந்தாள் சொன்னவரெல்லே."

"அந்தாளுக்கு நரியைப் பற்றி என்ன தெரியும்?"

"உனக்கு?"

அவன் அவிழ்த்துவிட்டான். இத்தனை நாள் சோபாவில் கிடந்தது ஓட்டத்தைச் சேர்த்துவைக்கத்தான் என்பதுபோல நாய் பறந்தது. "பிடி, பிடி" என்று கத்திக்கொண்டு அண்ணாவும் ஓடினான். பிறகு ஒரேயடியாக நின்றான். நான் அவன் முதுகில் போய் மோதினேன்.

முன்னால் ரோட்டோரம் மாவட்ட எல்லைப் பலகை. அதைத் தாண்டுவதென்றால் எங்களைப் போன்றவர்கள் கந்தோரில் அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும். கடிதமில்லாமல் டுசல்டோர்ஃப் போய் அண்ணா ஒருமுறை பிடிபட்டிருந்தான்.

நரி காட்டுக்குள் போய்விட்டது. நாய் இளைத்துக்கொண்டு திரும்பி வந்து, பலகைக்கு அந்தப் பக்கம் ஏழடியில் படுத்துவிட்டது.

"கூப்பிடு அண்ணா."

"அதுக்குத் தமிழ் விளங்காது."

"அப்ப ஜெர்மனில கூப்பிடு."

"எனக்குத் தெரிஞ்சது கந்தோர் ஜெர்மன். நாளைக்கு ஒன்பது மணிக்கு வா எண்டு டெர்மின் குடுக்கட்டோ?"

"ஏழடிதானே. ஒருத்தரும் இல்லை, போய்த் தூக்கு."

"ஒருத்தரும் இல்லாத ரோட்டிலதான் என்னைப் பிடிச்சவங்கள். இன்னொருக்காப் பிடிபட்டால் அகதிக் கேஸ் பழுதாப்போம்."

நாயில்லாமல் அந்த மனுசன் முன்னால் போய் நிற்கவும் ஏலாது. அண்ணா சேற்றில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினான்.

"கால் எங்கட மாவட்டத்தில இருக்கு. கைக்குச் சட்டம் இல்லை. தள்ளு பிள்ளை."

"இன்னும் தள்ளினால் உன்ர வண்டி வயிறு அடுத்த மாவட்டம்."

நாய் அவன் விரலை நக்கிப் பார்த்தது. பிறகு ஓரடி தள்ளிப் படுத்தது.

அப்போது ஒரு கமக்காரர் டிராக்டரில் வந்து, எஞ்சினை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அண்ணா படுத்தபடியே பலகையைக் காட்டினான், நாயைக் காட்டினான், சட்டைப்பையில் இருந்த அகதி அட்டையையும் காட்டினான். அவர் இறங்கி, நாயைக் குழந்தைபோல இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் தந்தார். இரண்டு பக்கமும் தன்னுடைய வயல்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முகாமுக்கு வந்தபோது அந்த மனுசன் வீங்கிய கன்னத்தோடு கோழிக்கூட்டடியில் நின்றார். நாங்கள் வயலில் நின்ற நேரம் நரி வந்துபோயிருந்தது, உள்ளே ஒரு கோழிதான் மிச்சம். நாய் சுத்தமாக இருந்தது. அண்ணாதான் நாடியிலிருந்து முழங்கால் வரை சேறு. அவர் நாயைப் பார்த்தார், அண்ணாவைப் பார்த்தார், கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

போன மாரியில் அண்ணாவுக்குச் சிறுநீரகம் பழுதாகியது. அவனைச் சேர்த்த ஆஸ்பத்திரி அடுத்த மாவட்டத்தில். போய்ப் பார்க்க அனுமதிக்கு எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். நான் சனிக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன். அந்தப் பலகை வந்தபோது என்னை அறியாமலே காலைத் தூக்கிக்கொண்டேன்.

என்னைக் கண்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "கடிதம் எடுத்தனியே?"

"நரி எடுத்ததே?" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் தாதி ஓடிவந்து என்னை ஏசினாள். அடுத்தநாள் அவன் போய்விட்டான். திங்கட்கிழமை கடிதம் தந்தார்கள். இப்போதும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, என் அண்ணாவுக்காக எல்லாரும் ஒருக்கால் கும்பிடுங்கோ. அவன் கடிதமில்லாமல்தான் போயிருக்கிறான். வாசலில் மறிக்காமல் உள்ளே விடச்சொல்லிக் கேளுங்கோ.