இளவரசி வந்த அன்று ஷூ போட்டிருந்தோம்

வீட்டுக்குள் நாங்கள் ஷூ போட்டுக்கொண்டு நின்றது ஒரே ஒரு நாள்தான். அன்று ஓர் இளவரசி டிபன் சாப்பிட வருவதாக இருந்தது.

2003 வாக்கில் அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அப்பாவோடு ஆபீசில் வேலை பார்த்த ஜப்பான்காரர், தன் மனைவி அரச குடும்பத்தின் ஏதோ ஒரு சின்னக் கிளையில் பிறந்தவர் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அப்பா அதை வீட்டில் வந்து சொன்னதுதான் தவறு.

"சின்னக் கிளையா இருந்தா என்னங்க, இளவரசி இளவரசிதானே" என்ற அம்மா, ஞாயிற்றுக்கிழமையே அவர்களைக் கூப்பிடச் சொன்னாள்.

அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அம்மா வீட்டில் யாரும் அவளோடு பேசுவதில்லை. ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிகள் எல்லாம் மற்றவர்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஆகவே அபூர்வமாக வருகிற விருந்தாளிக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று அம்மாவுக்கு ஒரே பதற்றம்.

சட்னி அரைத்து முடித்ததும் புதுக் கவலை முளைத்தது.

"அவங்களைப் போய் ஷூவைக் கழட்டுங்கன்னு எப்படிங்க சொல்றது? போட்டுக்கிட்டேதான் வருவாங்க. நாம வெறுங்காலோட நின்னா அவங்களுக்கு அன்கம்ஃபர்ட்டபிளா இருக்கும்."

மூன்று பேரும் ஷூ மாட்டினோம். பட்டுப் புடவைக்குக் கீழே அம்மாவின் வாக்கிங் ஷூ எட்டிப் பார்த்தது. கார்பெட் அழுக்காகுமே என்று அப்பா குதிகாலைத் தூக்கியபடியே நடந்தார்.

மணி அடித்தது. இளவரசி எங்கள் ஸ்கூல் லைப்ரரி டீச்சர் மாதிரி ஒல்லியாக இருந்தார். வந்ததும் குனிந்து தன் ஷூவைக் கழற்றினார். கணவருடையதையும் சேர்த்து வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். நிமிர்ந்தால், வீட்டுக்காரர்கள் ஷூவோடு நிற்கிறோம்.

"ஐயோ, நம்மள மாதிரியேங்க" என்று அம்மா முணுமுணுத்தாள். மூவரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் அப்பா தலையும் என் தலையும் முட்டிக்கொண்டன. என் லேஸ் முடிச்சு விழுந்து அவிழவே இல்லை. இளவரசிதான் தரையில் மண்டியிட்டு, நகத்தால் நெருடி நெருடி அதைப் பிரித்தார்.

சாப்பிடும்போது கூச்சத்தை அடக்கிக்கொண்டு, கிரீடம் எங்கே என்று இங்கிலீஷில் கேட்டேன். கல்யாணத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சாதாரண வீட்டில் வாழ்க்கைப்பட்டால் பட்டம் போய்விடும், குடும்பப் பதிவேட்டிலும் பெயரை அடித்துவிடுவார்களாம். கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

தோசையோடு வந்த அம்மா அப்படியே நின்றாள்.

"யுவர் மதர்... கால் பண்ணுவாங்களா?"

எப்படியோ இளவரசிக்குப் புரிந்துவிட்டது. புது வருஷத்தன்று மட்டும் என்றார்.

அம்மா அவர் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். இருவர் கண்ணிலும் நீர். சட்னியில் காரம் அதிகம்போல என்று ஓடிப்போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அம்மா இன்னும் சாப்பிடவே உட்காரவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.