டிராலியோடு ஒரு பெண் பார்க்கும் படலம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் பார்க்கும் படலத்துக்குப் போயிருந்தேன். எங்கே என்கிறீர்கள்? திருவனந்தபுரத்தில், ஒரு பெரிய மாலில்!

பெண், என் அக்கா மகள் ரம்யா. முன்பு வந்த இரண்டு வரன்களும் தட்டிப்போனதில் அக்காவுக்குத் தூக்கமே போய்விட்டது. எங்கள் ஊர் நாகராஜா கோயிலில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை. "மாலுக்கு வந்திருங்க, ஃப்ரீயா பேசலாம்" என்றுவிட்டார். இருபது வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்த தக்கலைக் குடும்பம்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் சந்தித்தோம். வீட்டுக்கு ஒரு டிராலி. மாப்பிள்ளை வீட்டார் நடந்தார்கள்... நடந்தார்கள்... சீஸ் வகைகளைப் பார்த்தார்கள், ஐஸில் கிடந்த மீன்களைப் பார்த்தார்கள். ஒன்றையும் எடுக்கவில்லை.

அக்காவால் அது முடியுமா? கோட்டாறு கடைத்தெருவில் கடை ஏறிவிட்டு வெறுங்கையோடு இறங்கினால் கௌரவக் குறைச்சல் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். உளுந்து, சோப்பு, துடைப்பம், ஒரு பிளாஸ்டிக் வாளி... எங்கள் டிராலி நிரம்பிவிட்டது. ரம்யாவும் பையனும் பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருந்தார்கள். யார் கவனித்தோம்?

"ஏலே, அவங்க வண்டி காலியாட்டுல்லா இருக்கு? பிள்ளைய பிடிக்கல்லியோ?" என்று அக்கா என் காதைக் கடித்தாள். எனக்கென்ன தெரியும்?

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீங்க சாமான் வாங்கத்தான் வந்தீங்களா? எங்க கூட நடக்க இஷ்டம் இல்லியோ? ஷார்ஜாவுல லீவுன்னா நாங்க கடையிலதான் நடப்போம். வெளிய சூடுல்லா!"

அடடா... நமக்குச் சங்குத்துறை கடற்கரை எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி! அவர்கள் கண்ணுக்கு, நாங்கள்தான் மாப்பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் உளுந்து பொறுக்கிய ஆட்கள்.

அசடு வழிய ஊர் திரும்பினோம். மறுநாள் காலை அந்த அம்மாவின் போன். "அடுத்த ஞாயிறும் அங்கேயே நடப்போமா?" வேறு ஒரு வார்த்தை இல்லை.

இது சம்மதமா, மறுப்பா? அக்கா என்னைப் பார்த்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் ஃபேனைப் பார்த்தார்.

ரம்யாதான் சிரித்தாள்.

"நான் வாறேன்னு அவருக்கு நேத்தே மெசேஜ் போட்டாச்சும்மா. நீங்க யாரும் வரண்டாம்!"