முத்திரைக்கு மேலே கையெழுத்து

பூதக்கண்ணாடியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார் உதயரூபன். மன்னரின் தலை பொறித்த தபால் முத்திரை. அதன் குறுக்கே நீல மையில் ஒரு கையெழுத்து. அதன் வால் முத்திரையைத் தாண்டிக் கடித உறையிலும் நீண்டு கிடந்தது.

“என்னண்ணன், நல்ல சாமானா?” என்றான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மின்ஹாஜ்.

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருப்பவன். பழைய விமானத் தபால் உறைகளை வாங்கி விற்க நேற்றுத்தான் தொடங்கினவன். பெரியகல்லாற்றில் உதயரூபனுக்கோ அது தலை நரைக்கும் வரை பிடித்த பைத்தியம். ஆனாலும் நல்ல உறைகள் எல்லாம் வழி கேட்டு மின்ஹாஜின் வாசலுக்கே போயின.

“எங்க எடுத்தது தம்பி?”

“கொக்கட்டிச்சோலையில, கேதீஸ்வரி அக்காட்ட. முதல்ல ஆரோ ஒரு ஐயா வந்து பாத்திட்டு வேணாமெண்டு போனவராம். கண்ணாடி போட்டும் கண் தெரியாத மனிசன் எண்டு சொல்லிச் சிரிச்சா.”

உதயரூபன் சிரிக்கவில்லை. அந்த ஐயா அவர்தான்.

கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகவே வேலை பார்த்து ஓய்ந்தவர். பற்றுச்சீட்டில் முத்திரை ஒட்டி, அதன் மேலே கையெழுத்து வாங்கி வாங்கிப் பழகிய கண். கேதீஸ்வரி உறையை நீட்டியபோதும் அந்தக் கண்ணால்தான் பார்த்தார். “ஆரோ பற்றுச்சீட்டெண்டு நினைச்சுக் கிறுக்கிப்போட்டான் பிள்ள. முத்திரை பழுது” என்று திருப்பிக் கொடுத்தார். இப்போது எழுத்து எழுத்தாக வாசிக்க முடிந்தது. ஆரம்பகாலத் தபால் விமானத்தை ஓட்டி வந்தவனின் பெயர். விமானி ஒப்பமிட்ட ஓர் உறைக்காகத்தான் அவர் இவ்வளவு காலமும் ஊர் ஊராக அலைந்தார்.

தேநீர் கொண்டு வந்த மனைவி புஸ்பம் எட்டிப் பார்த்தாள். “இது நீங்க பழுதெண்டு விட்டுட்டு வந்த கவரெல்லோ?”

மின்ஹாஜ் நாக்கைக் கடித்தான். “அல்லாஹ்! நீங்களா அண்ணன்? குறை நினைக்காதீங்க. எனக்கு மட்டும் என்ன விளங்கிச்சி? முத்திரை வடிவாயிருக்கு எண்டுதான் எடுத்தன்.”

தெரிந்து எடுத்திருந்தாலாவது ஆறியிருக்கும். ஒன்றும் தெரியாதவன் மடியில் போய் விழுந்திருக்கிறது. உதயரூபன் பூதக்கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

“கொழும்பில ஒராள் கேக்கிறார். நீங்க பாத்து, உண்மையான சாமானெண்டு பின்னால ஒப்பம் வெச்சாப் போதுமாம், மறுபேச்சில்லாம எடுப்பாராம். உங்கட பேருக்கு அவ்வளவு மதிப்பண்ணன்.”

அப்படிப் பின்னால் ஒப்பமிடுவது பென்சிலால். கீழ் மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி, வேண்டுமென்றால் அழிக்கக்கூடியதாக. மை பட்டால் உறையின் விலை விழுந்துவிடும். கிளாசுக்குள் சீவிய பென்சில் நின்றது. உதயரூபன் அதைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். உறையைத் திருப்பி, பின்பக்கத்தின் நட்டநடுவே முழுப் பெயரையும் எழுதி, சங்கத்தில் போடுவதுபோல அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

“பேனையாலயா அண்ணன்?”

“பென்சில் அழிஞ்சிரும். இது நிக்கும்.”

“நிக்கட்டும், நிக்கட்டும்.” மின்ஹாஜ் உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான். கொண்டு வந்த மஸ்கட் இனிப்புப் பெட்டி மேசையில் இருந்தது.

“எப்பவும் பென்சிலாலதானே போடுவீங்க?” என்றாள் புஸ்பம்.

“தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேற ஊத்து.”

மறுநாள் காலை கொழும்புக்காரர் மின்ஹாஜ் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் பேனை மை ஏறிய உறை தனக்கு வேண்டாம் என்றார். மின்ஹாஜ் அதைத் தொலைபேசியில் சொன்னான். அவன் குரலில் கோபம் இல்லை. தானே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னான். மத்தியானம் உறைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினான். உதயரூபன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். விமானியின் கையெழுத்து வாசலிலிருந்தே தெரிந்தது. அவர் பெயரெழுதிய பின்பக்கம் சுவரோடு இருந்தது. புடவை எடுக்க வந்த இரண்டு பேர் அண்ணாந்து பார்த்து விசாரித்தார்கள். மின்ஹாஜ் அவர்களுக்கு விளக்கம் சொன்னான். பின்னேரம் மழை பெய்தது. உதயரூபன் நனைந்து வீடு வந்தார்.